எரிந்த விளக்கும் எரியாத பெட்ரோலும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறைக் கண்டுபிடித்தோம் என்று நான் கதைவிடப் போவதில்லை. அப்படிச் சொல்லித் திரிகிற பெரிசுகளை எனக்கு அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. பாதி நேரம் அவர்கள் தப்பாகத்தான் கண்டுபிடித்தார்கள். கஸ்டமருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

நான் ஸ்கேனர் கட்சி. 1991இல் ஓசூர் ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவளுக்கு நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் கார்புரேட்டர் போய் இஞ்செக்‌ஷன் வண்டிகள் வந்தபோது, வண்டிக் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டியில், வண்டியின் கம்ப்யூட்டரில் மாட்டிக் கோளாறைப் படிக்கிற ஸ்கேனர் வந்து இறங்கியது. பெரிய மெக்கானிக்குகள் யாரும் அதன் பக்கம் போகவில்லை. "டைப் அடிக்கிற வேலதானே, கவுண்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட குடு" என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள். தள்ளிவிட்டதற்காகப் பின்னாளில் அவர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். நான் ஒருநாளும் வருத்தப்படவில்லை.

ஆகவே ஸ்கேனரை நம்பாதே என்று நான் சொல்லமாட்டேன். நம்புங்கள். ஆனால் அது பார்த்ததை மட்டும்தான் சொல்லும். யார் செய்தது என்று அதற்குத் தெரியாது. அதுவும் அதற்குத் தெரியும் என்கிற மாதிரி பேசுகிற மேனேஜர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். எனக்கு வாய்த்தார். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்த புதிது அது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்குக் கரும்புச் சாராயம் என்று பெயர். நூறு பங்கில் ஐந்து பங்குதான் கலப்பு. இன்று உங்கள் வண்டியில் இருப்பதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அன்றைக்கு எந்த வண்டி வந்து நின்றாலும் பழி அதன் மேல்தான். விட்டிருந்தால் டயர் பஞ்சருக்கும் எத்தனாலைத்தான் காரணம் சொல்லியிருப்பார்கள்.

எத்தனாலைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். ஒன்று, அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் இஞ்சினுக்குள் போகிற கலவையில் காற்று ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கும். சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதை மோப்பம் பிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் பெட்ரோலை விட்டுச் சரிக்கட்டிக்கொள்ளும். வண்டிக்காரருக்குத் தெரியவே தெரியாது. இரண்டாவது, எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். கொஞ்சமாகத் தண்ணீர் சேர்ந்தால் தனக்குள் கரைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அளவு மீறினால் பெட்ரோலைக் கைவிட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பொம்மசந்திராவில் ஒருவர் வேன்கள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலைகளுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன்கள். அந்த வருடம்தான் பழைய கார்புரேட்டர் வேன்களை விற்றுவிட்டு, எங்களிடம் எட்டுப் புது இஞ்செக்‌ஷன் வேன் எடுத்திருந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், 'சொல்லு' என்பதற்கு 'ஹேளு' என்பார். டிரைவர்கள் எல்லோரும் அவரை ஓனர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். பக்திமான். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. அதே அளவுக்குச் சந்தேகப் பிராணி. டிரைவர்கள் பெட்ரோலை உருவி விற்றுவிடுவார்கள் என்று எந்த வேனுக்கும் டேங்க்கை நிரப்ப விடமாட்டார். பங்க்கில் டோக்கன் கொடுத்தால் ஐந்து லிட்டர். அது தீர்ந்தால் அடுத்த டோக்கன். டேங்க் எப்போதும் காலிக்குப் பக்கத்திலேயே ஓடும்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவருடைய வேன் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டிரைவர் பெயர் ஏழுமலை. ஸ்ரீராம்புரத்துக்காரன், எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி வீடு. முன் கண்ணாடியில் பூஜைக்குப் போட்ட மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் இஞ்சின் கோளாறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா ஏழுமலை, என்ன பண்ணுது?"

"மேட்டுல ஏறினா இருமுதுக்கா. சிக்னல்ல பிரேக் போட்டா நின்னுடுது. பூஜை முடிஞ்சு நாலு நாள் நல்லாத்தான் ஓடிச்சு. அப்புறம்தான் பேஜார் புடிச்சுது."

ஸ்கேனரை மாட்டினேன். 'கலவை லீன்' என்று எரர் கோடு வந்தது. அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கம்ப்யூட்டர் தன்னால் கூட்ட முடிந்த அளவு பெட்ரோலைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இனி என்னால் ஆகாது என்று விளக்கைப் போட்டிருக்கிறது. மேனேஜர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "லீன் கோடா? ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும். மாத்து" என்றார். கம்பெனிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் முதல் வரி அதுதான். இரண்டாவது வரியை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

நான் மாற்றவில்லை. வண்டியை எமிஷன் மெஷினுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். புகைக்குழாயில் குழலைச் சொருகினால் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய பூஜ்யம் என்று காட்டியது. மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "பாரு, எமிஷன் எவ்வளவு சுத்தமா இருக்கு! வண்டியில ஒண்ணும் இல்ல. சென்சார்தான் பொய் சொல்லுது."

"சார், அந்த ஒரு நம்பரை மட்டும் பார்க்காதீங்க. பக்கத்துல பாருங்க. ஹைட்ரோகார்பன் எங்க போய் நிக்குது பாருங்க. எரியாத பெட்ரோல் அப்படியே வெளிய வருது. ஆக்சிஜனும் கூடவே வருது. உள்ள எரிஞ்சாத்தானே சார் மோனாக்சைடு வரும்? எரியவே இல்ல. சென்சார் உள்ளதத்தான் சொல்லுது."

"சொன்னதைச் செய்" என்றார். வேறு ஒருவனை விட்டு சென்சாரை மாற்றவைத்தார். விளக்கை அணைத்து வண்டியை அனுப்பிவைத்தார். அது சாயங்காலம் திரும்ப வந்தது. தனியாக வரவில்லை, கூட இரண்டு வேனையும் அழைத்துக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை என்று இப்போதும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

மறுநாள் காலையில் ஓனரே வந்துவிட்டார். வந்தவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக ஏழுமலையிடம் போனார்.

"டேங்க்குல என்ன கலந்தே? நிஜம் ஹேளு."

"ஒண்ணும் கலக்கல ஓனர்."

"அஞ்சு லிட்டர் டோக்கன் வேண்டாம், டேங்க் ஃபுல் பண்ணுங்கன்னு எல்லார் முன்னாடியும் என்கிட்ட வாதம் பண்ணினது நீதானே? 'ரோட்ல நின்னா யாரு தள்றது'ன்னு கேட்டியே! இப்ப நிக்குது பாரு. பெட்ரோல எடுத்துட்டு சீமெண்ணெயோ தண்ணியோ ஊத்திட்டே."

ஏழுமலை எதிர்த்துப் பேசுகிற ஆள்தான். அன்றைக்கு அவன் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். திருட்டுப் புகார் ஒன்று போலீஸ் ஸ்டேஷனில் ஏறிவிட்டால் ஓசூர் ரோட்டில் வேறு எந்த வேன்காரரும் அவனைக் கூப்பிடமாட்டார். வண்டி ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் மூன்று பெண்கள், அவன் அம்மாவைச் சேர்த்தால் நாலு. அத்தனை பேருக்கும் அவன் ஒருவன் சம்பளம்தான் சோறு.

நான்தான் குறுக்கே போனேன். "டேங்க் அடியில இருக்கிறதை எடுத்துப் பார்க்கலாம் சார்" என்றேன். டேங்க் அடியில் இருந்ததைக் குழாய் போட்டு உறிஞ்சி, கோடு போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே பெட்ரோல். கீழே கலங்கலாக, தெளிவாகத் தெரிகிற கோட்டோடு, இன்னொன்று.

"தண்ணி!" என்று ஓனர் கத்தினார். "நான் ஹேளலையா? தண்ணி!"

அவனைக் காப்பாற்றுகிறேன் என்று போய், அவன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டவள் நான். மேனேஜருக்கு ஏகப்பட்ட நிம்மதி. கலப்படம் என்றால் வாரண்டி கிடையாது, கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் தலைவலி கிடையாது. "ஜாப் கார்டுல எழுதிடும்மா. டிரைவர் செய்த கலப்படம்னு. சாருக்கு அது ஸ்டேஷன்ல குடுக்க வேணும்" என்றார்.

"தண்ணீர் இருக்குன்னு எழுதறேன். டிரைவர்னு எழுத மாட்டேன். நான் பார்க்கல."

"பின்ன யாரு, ஆகாசத்துல இருந்து விழுந்துதா?"

"அதான் சார் தெரியல. தெரியாதத எழுதறதுக்கு எனக்குச் சம்பளம் தரல."

இதை நான் தைரியசாலி என்பதற்காகச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வரியை என் கையெழுத்தோடு எழுதியிருந்தால், அதற்குப் பிறகு எந்த வண்டியின் எரர் கோடைப் படித்தாலும் எனக்கே என்மேல் நம்பிக்கை வந்திருக்காது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். வண்டி விஷயத்தில் தப்பு செய்தால் மறுபடியும் சரிசெய்யலாம். ஆள் விஷயத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு ஐயோ என்றால் பிரயோசனம் இல்லை.

வந்திருந்த மூன்று டிரைவர்களையும் தனித்தனியாகக் கேட்டேன். டேங்க்கில் யாராவது தண்ணீர் ஊற்றினீர்களா, வேறு யாராவது ஊற்றியதைப் பார்த்தீர்களா? இல்லை, இல்லவே இல்லை. வாட்டர் வாஷ் செய்தபோது மூடி திறந்திருந்ததா? இல்லை, பூட்டித்தான் இருந்தது. கடைசியில் ஓனரையே கேட்டேன். "ஏனம்மா, நான் எதுக்கு என் வண்டியில தண்ணி ஊத்தறேன்?" என்று என்மேல் பாய்ந்தார். ஒருவர் முகத்திலும் பொய் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. திருடுகிறவன் ஒரே அளவாகவா திருடுவான்? மற்ற இரண்டு வேனிலும் உறிஞ்சிப் பார்த்தேன், மூன்றிலும் அடியில் நின்ற கலங்கல் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதோடு, அது வெறும் தண்ணீரும் இல்லை. கையில் தொட்டால் சாராயம் மாதிரி சில்லென்று பறந்தது.

ஓனரின் ஆள் ஒருவனையே பங்க்குக்கு அனுப்பிப் புதுப் பெட்ரோல் வாங்கிவரச் சொன்னேன். எல்லோரும் பார்க்க இன்னொரு ஜாடியில் அதை ஊற்றினேன். அதன்மேல் தண்ணீரைச் சிரிஞ்சால் அளந்து விட்டேன். தண்ணீர் அடியில் நின்ற இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். ஜாடியின் வாயை மூடிக் குலுக்கி, ஓனர் கையிலேயே கொடுத்தேன்.

"பாருங்க சார். நான் ஊத்தினது இந்தக் கோடு வரைக்கும். இப்ப எங்க நிக்குது?"

அவர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கல் கோட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

"இது என்ன மாயம்?"

"மாயம் இல்ல சார். பெட்ரோல்ல இருக்கிற எத்தனால் தண்ணியோட இறங்கிடுச்சு. நீங்க ஒவ்வொரு டோக்கனுக்கும் புதுசா அஞ்சு லிட்டர் ஊத்தறப்போ, அதுல இருக்கிற எத்தனாலும் இறங்கி அடியில சேருது. அடியில இருக்கிறது வீங்கிக்கிட்டே போகுது. நாலு நாள் நல்லா ஓடிட்டு அப்புறம் நின்னது அதனாலதான். முதல்ல டேங்க்குல போனது ஒரு சின்ன டம்ளர் தண்ணிதான் சார். ஒரு டம்ளர் பெட்ரோல் திருடறதுக்கா ஒருத்தன் வேலைய விடுவான்?"

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். ஓனர் சிரிக்கவில்லை. முட்டாள் இல்லை அவர். "செரி. கொஞ்சமோ ஜாஸ்தியோ, ஊத்தினது யாரு? அத ஹேளு" என்றார்.

"டேங்க்கை இறக்கு" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். மேனேஜர் பாய்ந்து வந்தார். டேங்க் இறக்கினால் அரை நாள் போய்விடும், யார் கூலி தருவது என்றார். என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். பிடித்துக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

டேங்க் இறங்கியது. உள்ளே இருந்த பெட்ரோல் பம்ப்பை வெளியே எடுத்தோம். பம்ப்பின் அடியில் துணிப்பை மாதிரி ஒரு வடிகட்டி இருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தேன். ஓர் இலை. பச்சையெல்லாம் போய் வெளுத்திருந்தது. நரம்பும் ஓரத்துப் பல்லும் மட்டும் அப்படியே இருந்தன. துளசி.

உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ஏழுமலை இலையைப் பார்த்தான். பிறகு ஓனரைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"ஏழுமலை, இது எப்படிடா டேங்க்குக்குள்ள வந்துச்சு?"

"அது... தீர்த்தம்க்கா."

"என்ன தீர்த்தம்?"

"ஆயுத பூஜைக்கு ஓனர் பெருமாள் கோயில்லேர்ந்து கொண்ணாருவாரு. வருஷா வருஷம், மூடிய தொறந்து ஒவ்வொரு வண்டிக்கும் அவர் கையாலயே ஊத்துவாரு. வெள்ளிச் சொம்புல."

"அட பாவி! தண்ணி ஊத்தினாங்களான்னு எத்தனை தடவை கேட்டேன்? ஏன் சொல்லல?"

"தண்ணி யாரும் ஊத்தலையேக்கா. அது தீர்த்தமாச்சே" என்றான். கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "வண்டிக்குத்தான் ஊத்துவாரு. எங்களுக்குப் பொரிப் பொட்டலம், கை படாம மேல இருந்து போடுவாரு. தீர்த்தம்லாம் எங்க கையில ஊத்த மாட்டாரு."

அவன் ஏமாற்றவில்லை. ஓனரும் ஏமாற்றவில்லை. அவர்கள் இருவர் மனசிலும் அது தண்ணீர் கணக்கில் வரவே இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் பூஜையன்று ஸ்கூட்டருக்குப் பொட்டு வைக்கிறவள் நான். கம்பெனிப் புத்தகத்தில் எத்தனை வரி படித்தாலும் இந்த வரி இருக்காது. அதை எழுதியவர்கள் ஜப்பானில் இருந்தார்கள்.

ஓனர் முகம் சிவந்து போயிருந்தது. "பெருமாள் தீர்த்தத்த தப்பு ஹேள்றியாம்மா நீ? இத்தனை வருஷம் ஊத்தினேன். எந்த வண்டி நின்னுச்சு?"

"பெருமாளச் சொல்லல சார், டேங்க்கச் சொல்றேன். உங்க பழைய வண்டியில பெட்ரோல் உறிஞ்சற குழாய் அடியிலேர்ந்து ஒரு விரல் மேல நிக்கும். அன்னிக்குப் பெட்ரோல்ல எத்தனாலும் இல்ல. நீங்க ஊத்தினது ஊத்தின அளவாவே அடியில கிடந்துச்சு, யாருக்கும் தெரியல. இது புது வண்டி, பம்ப்பு அடியிலேயே உக்காந்திருக்கு, பெட்ரோலும் புதுசு. அதுலயும் டேங்க் நிறைய இருந்திருந்தா அந்த டம்ளர் தண்ணி பெரும்பாலும் கரைஞ்சு போயிருக்கும். நீங்கதான் அஞ்சு லிட்டருக்கு மேல தர்றது இல்லையே."

அவருடைய பக்தி பாதி, சந்தேகம் பாதி, இரண்டும் சேர்ந்துதான் வண்டியை நிறுத்தியிருந்தன. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

மேனேஜர் சமாளிக்கப் பார்த்தார். "இலைதானேம்மா, காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும். ஒரு இலைய வெச்சுக்கிட்டு..."

"அடுத்த வண்டி டேங்க்கையும் இறக்கட்டுமா சார்?" என்றேன். மேனேஜரை விட்டுவிட்டு ஓனரைப் பார்த்துத்தான் கேட்டேன். எட்டு வண்டியையும் இறக்குவதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

ஓனர் என் கையிலிருந்த இலையை எடுத்தார். வேட்டி முனையில் துடைத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார். "பேடா" என்று ஒரே சொல், வேண்டாம் என்று. ஏழுமலை பக்கம் திரும்பாமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? மேனேஜர் விடவில்லை. பெரிய கஸ்டமரின் மனசு நோகக்கூடாது என்று, இப்போது பழியை எத்தனால்மேல் போடச் சொன்னார். "பெட்ரோல் தரமில்லைன்னு எழுது. எல்லாருக்கும் நல்லது." அதற்கும் முடியாது என்றேன். எத்தனால் தன் குணப்படி நடந்துகொண்டது. அதன் குணம் தெரியாமல் நடந்துகொண்டது நாம். 'டேங்க்கில் பூஜைத் தண்ணீர் ஊற்றப்பட்டுள்ளது. டிரைவர் காரணம் அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது வாக்கியம் தேவையில்லாதது என்றார் மேனேஜர். எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் தேவையாக இருந்தது.

எட்டு வண்டி டேங்க்கையும் கழுவிச் சரிசெய்து கொடுத்தோம். அதோடு ஓனர் வேன்களை வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்விட்டார். மேனேஜர் என்னை ஸ்கேனரிலிருந்து எடுத்து, கேட் பக்கத்தில் இருந்த எமிஷன் டெஸ்ட் கூண்டில் உட்கார வைத்தார். தண்டனையாம். வெயிலும் புகையும். வருகிறவர்களுக்கெல்லாம் குழலைச் சொருகிச் சான்றிதழ் அடித்துக் கொடுக்கிற வேலை.

நான் அங்கேயும் அடங்கவில்லை. அந்த நாளில் எமிஷன் என்றால் மோனாக்சைடு ஒன்றைத்தான் எல்லோரும் பெரிதாகப் பார்ப்பார்கள். அதனால் டெஸ்டுக்கு வருமுன் பழைய கார்புரேட்டர் வண்டிகளின் ஸ்க்ரூவைத் திருகிப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். பெட்ரோலில் எத்தனால் வேறு, கலவை மேலும் இளைத்துப் போயிருக்கும். வண்டி ஜுரம் வந்த மாதிரி உதறும், நம்பர் மட்டும் சுத்தமாக இருக்கும். "பாஸ்தானே, குடும்மா" என்பார்கள். எரியாத பெட்ரோல் எவ்வளவு வெளியே போகிறது என்று பக்கத்து எண்ணைக் காட்டி, போய்ச் சரிசெய்துகொண்டு வா என்று திருப்பி அனுப்புவேன். என்னிடம் வண்டி வருவது குறைந்தது. குறையட்டும் என்று விட்டேன். அடுத்த வருடம் வந்த புது மேனேஜர் என்னைத் திரும்ப ஸ்கேனரில் உட்கார வைத்தார். கூண்டில் இருந்த நாளில் புகையைப் படிக்கக் கற்றுக்கொண்டேன், அது தண்டனை கொடுத்தவர் கணக்கில் இல்லாத லாபம்.

ஏழுமலை வேலையில் இருந்தான். ஓனர் புகார் கொடுக்கவில்லை, வேலையை விட்டு எடுக்கவும் இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான். எல்லோர் முன்னாலும் ஒருவனைத் திருடன் என்று சொன்னால், எல்லோர் முன்னாலும் இல்லை என்று சொல்லவேண்டும். அவர் சொல்லவில்லை. டோக்கன் மட்டும் ஐந்திலிருந்து இருபது லிட்டர் ஆனது. வாயால் சொல்ல முடியாததை அப்படிச் சொன்னார் என்று யாராவது சொல்லக்கூடும். நான் அவ்வளவு பெருந்தன்மை உள்ளவள் இல்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஏழுமலை என் வீட்டுக்கு வந்தான். "நாளைக்கு ஓனரோட வேன் ஷெட்டுக்கு வாக்கா. கண்டிப்பா வா" என்றான். எனக்கு அந்த ஷெட்டில் என்ன வேலை? ஆனாலும் போனேன். ஓனர் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினார். பிறகு "வாம்மா" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

எட்டு வேனும் கழுவி, வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்தாயிற்று. டிரைவர்கள் அவரவர் வண்டிப் பக்கத்தில் நின்றார்கள். ஓனர் வெள்ளிச் சொம்போடு இறங்கி வந்தார். முதல் நாலு வண்டிக்கும் பானெட்டின் மேல் தெளித்துக்கொண்டே வந்தார். சரி, மாறிவிட்டார் என்று நினைத்தேன். ஐந்தாவது, ஏழுமலையின் வண்டி. அங்கே வந்ததும் அவர் கால் நின்றது. பழக்கமோ, பிடிவாதமோ, போன வருடத்து அவமானமோ, கை தானாக டேங்க் மூடிப் பக்கம் போனது.

ஏழுமலை நகர்ந்து வந்து மூடியின்மேல் இடது கையை அழுத்தி வைத்தான். வலது கையைக் குழித்து ஓனர் முன்னால் நீட்டினான்.

"வண்டிக்கு வேணாம் ஓனர். எனக்கு ஊத்துங்க."

ஓனர் அந்தக் கையைப் பார்த்தார். இத்தனை வருடமும் அவருடைய ஸ்டியரிங்கைப் பிடித்த கை. அவன் கையை இறக்கவில்லை, தலையையும் குனியவில்லை. மற்ற ஏழு டிரைவர்களும் ஒவ்வொருவராக வண்டியை விட்டு நகர்ந்து அவன் பின்னால் வந்து நின்றார்கள்.

சொம்பு சாய்ந்தது.

ஏழுமலை அதைக் குடித்தான். ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டான். வாயில் வந்த துளசியை மென்றுகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். ஓனர் சொம்பை அடுத்த டிரைவரின் கையில் சாய்த்த பிறகும், மூடிமேல் வைத்த இடது கையை மட்டும் அவன் எடுக்கவில்லை.